மறதிக்கும் ஒரு ‘ங்க’

ஓய்வு பெறும்வரை நான் கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்தி டீச்சர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தி சொல்லித் தருவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆண்பால் பெண்பால் குழப்பம் தமிழ்நாடு முழுக்கப் பொது. மரியாதைக் குழப்பம் கொங்கு நாட்டுக்கே உரியது. எதிரில் இருப்பவரை அழைக்க இந்தியில் மூன்று சொற்கள் இருக்கின்றன. மிக நெருக்கத்துக்கு ‘தூ’, பழகியவர்களுக்கு ‘தும்’, மரியாதைக்கு ‘ஆப்’. எதை யாருக்குப் போடுவது என்று கரும்பலகையில் எழுதி எழுதி விளக்குவேன். பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு, கட்டுரையில் வீட்டு நாயைக்கூட ‘ஆப்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ‘ஆமாங்க’வுக்கு ‘ஹான் ஜி’, ‘இல்லீங்க’வுக்கு ‘நஹீன் ஜி’ என்பதுவரை சரி. ‘தண்ணீங்க’ என்பதற்கு ‘பானி ஜி’ என்று சொன்ன பிள்ளையை என்ன செய்வது? திட்டித் தீர்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் அதே பிள்ளையைப் போல நானும் பால்காரரிடம், எதிர்வீட்டுக் குழந்தையிடம், போனில் தவறாக அழைத்தவரிடம் எல்லாம் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவேன். வாய் அப்படிப் பழகிவிட்டது.

இந்த ‘ங்க’வை நம்பித்தான் என் வீட்டுக்காரர் தன் மறதியை என்னிடமிருந்தே மறைத்துவைத்திருந்தார்.

அவர் பம்பு மோட்டார் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். பல்லடம், தாராபுரம், சத்தியமங்கலம் என்று ஊர் ஊராகச் சுற்றியவர். அவருக்குத் தெரிந்தவர்கள் எவ்வளவு பேர் என்று அவருக்கே தெரியாது. கடைவீதிக்குப் போனால் நாலு பேராவது நிறுத்தி விசாரிப்பார்கள். இவரும், “வாங்க வாங்க, எப்ப வந்தீங்க? ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா? உங்க பக்கம் மழை உண்டுங்களா?” என்று ஆரம்பித்துவிடுவார். கிணற்றில் தண்ணீர், தேங்காய் விலை, பிள்ளைகள் படிப்பு என்று பேச்சு தானாக ஓடும். இந்தப் பேச்சில் எங்கேயும் எதிராளியின் பேர் தேவைப்படாது. யாரென்றே தெரியாத ஒருவரிடம்கூட கால் மணி நேரம் கௌரவமாகப் பேசி, காபி கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பலாம். வேறு ஊரில் பிறந்திருந்தால் ஒரே வாரத்தில் மாட்டியிருப்பார்.

மாட்டியது என் தம்பி வந்துபோன அன்றைக்கு. நான் காய் வாங்க உழவர் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மேஜைமேல் இரண்டு காபி டம்ளர்கள் இருந்தன.

“ஆருங்க வந்தது?”

“அவருதான் அம்மணி. நம்ம… அந்தப் பக்கத்துக்காரரு.”

“எந்தப் பக்கத்துக்காரரு?”

“அட, வந்தாரு, பேசிட்டு இருந்தாரு, போயிட்டாரு. இப்ப என்ன அதுக்கு?”

சாயங்காலம் தம்பி போன் செய்தான். “மாமா ரொம்ப நல்லாப் பேசிட்டு இருந்தாருக்கா. அவரே காப்பி போட்டுக் குடுத்தாரு” என்றான். அவன் குரலில் சந்தேகமே இல்லை. இவ்வளவு உபசாரம் இதற்குமுன் கிடைத்ததில்லை என்ற பூரிப்புதான் இருந்தது. எனக்குப் பகீரென்றது. தம்பியைக் கண்டால் ‘வா மாப்ள’ என்று தோளில் ஓர் அடி போடுகிறவர் இவர். “மாமா உன்னை எப்படிக் கூப்பிட்டார்?” என்று கேட்டேன். தம்பி யோசித்துவிட்டு, “வாங்கன்னு கூப்பிட்டாரு. எனக்கும் வயசாயிருச்சில்லக்கா” என்றான்.

அதற்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டேன். பாடம் எடுத்த காது அல்லவா, தப்பைக் கேட்டால் நின்றுவிடும். மாப்ள, பங்காளி, அண்ணா, சித்தப்பா என்று வாய் நிறைய உறவு சொல்லிக் கூப்பிடுகிறவர், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரையும் வெறும் ‘வாங்க’வுக்குள் போட்டு அடைத்துவிட்டிருந்தார். நேராகக் கேட்டேன். கோபம் வந்தது. “எனக்குத் தெரியாதா உன்ற தம்பிய?” என்று சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார். டாக்டரிடம் போகலாமா என்றால் பேச்சையே மாற்றினார். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளிடம் சொன்னபோது, “அப்பாவுக்கு வயசாகுதும்மா, நீ இன்னும் பரீட்சை வெச்சுட்டே இரு” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னையும் ஒருநாள் வாங்க, சௌக்கியமா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு இந்திப் படம் வந்தது. என்ன கதை என்று எனக்குத் தெரியாது. ‘வயசான ஜோடி, நல்ல பாட்டு, உனக்குப் பிடிக்கும்’ என்று மகள் இரண்டு டிக்கெட்டை போனுக்கு அனுப்பிவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு இந்தி ஒரு எழுத்து வராது. கல்யாணமான புதிதிலிருந்தே இந்திப் படம் என்றால் அவர் காதோரம் நான் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன், அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டு கேட்பார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து உஷ் என்பார்கள். நான் முறைத்தால் திரும்பிக்கொள்வார்கள்.

மாலுக்குள் இருந்த தியேட்டர். பகல் காட்சி. பாதி இருக்கைகள் காலி. மில்களில் வேலைபார்க்கும் வடக்கத்திப் பையன்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஏசி குளிருக்குச் சால்வை எடுத்து வராததற்காக இவரை நான் திட்டி முடிப்பதற்குள் படம் தொடங்கிவிட்டது.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். மனைவி. சின்ன வீடு. அவர் முதலில் சாவியை மறக்கிறார், பிறகு வழியை மறக்கிறார். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். இவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “என்ன சொல்றான்?” என்று இடித்தார். வேறு வழியில்லாமல் சொன்னேன். ஒன்றிரண்டு இடங்களில் மாற்றியும் சொன்னேன். ‘டாக்டர் என்ன சொன்னார்’ என்று அந்தம்மா கேட்டதை ‘டீ போடட்டுமா’ என்றேன். திரையில் யாரும் டீ குடிக்கவில்லை. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினேன்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி. காலை நேரம். மனைவி ஜன்னல் திரையை விலக்குகிறாள். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அவர் அவளைப் பார்த்து மிக மென்மையாக, சிரித்த முகத்தோடு, “ஆப் கௌன் ஹைன்?” என்கிறார். மனைவி கையிலிருந்த திரைத்துணியைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்காருகிறாள். வடக்கத்திப் பையன்கள் வரிசையில் ஒருவன் மூக்கை உறிஞ்சினான்.

“என்ன கேட்டான்?”

“நீங்க யாருங்க-ன்னு கேக்கறாருங்க.”

“மரியாதையாத்தான கேக்கறான்? அதுக்கு எதுக்கு அந்தம்மா இப்புடி அழுகுது?”

அந்த வரியைத் தமிழுக்குக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. படம் ஆரம்பித்ததிலிருந்து அந்த மனுஷன் மனைவியைத் ‘தும்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபத்தில் தும், கொஞ்சலில் தும். முதல்முறையாக ‘ஆப்’ என்கிறார். அவ்வளவுதான் காட்சி. படம் எடுத்தவர் அந்த ஒரு சொல்லை நம்பி மொத்தக் கதையையும் கட்டியிருக்கிறார். வடக்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு நெஞ்சில் அடிக்கும். கொங்கு நாட்டுக் காதுக்கோ ஒரு நல்ல மனுஷர் மனைவியிடம் பண்பாகப் பேசுவதாக ஆகிவிடுகிறது. எத்தனையோ வகுப்புகளில் கத்திக் கத்திச் சொன்ன பாடத்தை அவர் காதில் மெதுவாகச் சொன்னேன்.

“இத்தனை நாளா அவரு அந்தம்மாவை நீ-ன்னு கூப்பிட்டுட்டு இருந்தாருங்க. இப்ப நீங்க-ன்னு சொல்லிட்டாரு. அதனால அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, மறந்துட்டாருன்னு.”

விளக்குகள் எரிந்தன. இடைவேளை. எல்லாரும் பாப்கார்ன் வாங்க எழுந்து போனார்கள். இவர் எழுந்திருப்பார், டீ கேட்பார் என்று காத்திருந்தேன். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏ அம்மணி. நானு உன்னைய இன்னும் நீ-ன்னுதான கூப்பிடறேன்?”

“ஆமாங்க” என்றேன்.

“உன்ற தம்பி வந்தப்ப எனக்கு ஆருன்னே தெரியலை. போனதுக்கப்பறம் ரொம்ப நேரம் உக்காந்து யோசிச்சேன். அப்பவும் தெரியலை. உங்கிட்டச் சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு.”

“டாக்டரைப் பாக்கலாமுங்க.”

“பாக்கலாம்” என்றார். நான் அழுதேன். பயத்தில் இல்லை. இத்தனை மாதமாகத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்ததை இருவரும் ஒரே இடத்தில் இறக்கிவைத்த நிம்மதியில் அழுதேன். கிளம்பிவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும். அவனுக்கு என்ன ஆகுதுன்னு தெரிய வேண்டாமா?” என்றார்.

அவனுக்கு என்ன ஆயிற்று என்றால், படம் கெட்டுப்போயிற்று. மனைவி அவரை அவர்கள் முதன்முதலில் குடித்தனம் செய்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். பழைய காலம் என்று வந்ததும் திரை முழுக்க ஒரே மஞ்சள் வெளிச்சம், வயலின். பழைய ஸ்டேஷன், பழைய மிட்டாய்க் கடை, ஒரு ரயில் கூவுகிறது, எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது, மறுபடி ‘தும்’ என்கிறார், முற்றும். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் பழைய காலத்தில் எந்த மஞ்சள் வெளிச்சமும் இருந்ததில்லை. கரண்டு போய்விட்டு வரும், அவ்வளவுதான். “ரயிலு கூவினதும் சரியாப் போயிருச்சாமா?” என்று அவரும் வெளியே வரும்போது சிரித்தார்.

ஆனாலும் படம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவரை நான் சத்தியமங்கலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணமான புதிதில் பவானி ஆற்றங்கரையில் நாங்கள் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்த இடம் அது. படிக்கட்டில் அவரை உட்காரவைத்து, ஒரு மாணவன் விடை சொல்வதற்குக் காத்திருக்கிற மாதிரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா இருக்குது அம்மணி. இங்க முன்னாடி வந்திருக்கறமா?”

“வந்திருக்கறமுங்க.”

“அப்பவும் இப்புடித்தான் நல்லா இருந்துச்சா?”

“அப்ப வெயில் அதிகம். நீங்க சலிச்சுட்டே இருந்தீங்க.”

“அப்ப இதுதான் நல்லா இருக்குது” என்று காலை ஆற்றில் விட்டுக்கொண்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அவர் அங்கே சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். அதையும் மறுக்க முடியாது.

டாக்டர் பெண். நிதானமானவர். எங்கே இருக்கிறோம், என்ன கிழமை என்றெல்லாம் கேட்டுவிட்டு, என்னைக் காட்டி, “இவங்க பேரு என்னங்க?” என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் இவர், “அம்மணின்னுதாங்க கூப்பிடறது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லீங்க. உங்க முன்னாடி சொல்றதுக்குக் கூச்சமா இருக்குதுங்க” என்றார். டாக்டர் வற்புறுத்தியதும் சின்னக் குரலில் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அவர் வாயில் என் பேரைக் கேட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஆரம்ப நிலைதான் என்றார் டாக்டர். மாத்திரை இதை நிறுத்தாது, கொஞ்சம் மெதுவாக்கும். அதைவிட முக்கியம், ஆட்களோடு பேசிப் பழகிக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டுக்குள் உட்காரவைத்துவிடாதீர்கள் என்றார். இவர் அதற்கு நேர்மாறாகச் செய்தார். என்னிடம் சொல்லிவிட்டாரே தவிர, வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றார். நான் அவரைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன் என்று தெரிந்ததும் அவருடைய தைரியமும் போய்விட்டது. கடைவீதிக்குப் போவது நின்றது. காலையில் டீக்கடையில் உட்காருவது நின்றது. வாசலில் யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவார். வழிப்போக்கர்களிடம்கூட ஊர் மழையை விசாரித்துக்கொண்டிருந்த மனுஷர், டிவிக்கு முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மறதியைவிட இந்த மௌனம் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. பேச்சு நின்றுவிட்டால் அவரில் மிச்சம் என்ன இருக்கும்?

“ஞாபகம் இல்லீங்க, நீங்களே சொல்லிருங்கன்னு கேட்டுப்போடுங்க. என்ன குறைஞ்சுபோயிரும்?”

“ஒரு மனுசனைப் பாத்து நீ ஆருன்னு கேக்கறதா? மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிராதா?”

அவருக்கு அது மறதியைப் பற்றிய கவலை இல்லை, மரியாதையைப் பற்றிய கவலை. இதற்கு என்னிடம் பாடம் இல்லை. சண்டை போட்டேன், கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். அசையவில்லை.

கொடுமுடியில் அவருடைய அக்கா பேத்திக்குக் கல்யாணம் வந்தது. அதற்குப் போகாமல் இருக்க முடியாது. பஸ்ஸில் போகும்போதே சொல்லிவிட்டேன், பக்கத்திலேயே நிற்கிறேன், யார் வந்தாலும் முதலில் நான் உங்கள் முறையிலேயே உறவு சொல்லிக் கூப்பிடுகிறேன், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. மண்டபத்தில் அப்படித்தான் நடந்தது. “வாங்க சித்தப்பா” என்பேன், இவர் “வாங்க சித்தப்பா” என்பார். முகூர்த்தம் வரைக்கும் சமாளித்தோம். அப்போது அக்கா என்னைச் சீர்த் தட்டு எடுக்க உள்ளே கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்தால் இவரைக் காணோம்.

பந்திக்குப் போகிற வழியில், தூண் பக்கத்தில் இருந்தார். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நன்றாகச் சூடுபிடித்திருந்தது. மழை முடிந்து, கோழித் தீவன விலை முடிந்து, முட்டிவலிக்கு வந்திருந்தார்கள். யார் இவர் என்று எனக்கும் தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் உதவி கேட்கும் பார்வை இருந்தது. நான் உதட்டைப் பிதுக்கினேன்.

இவர் ஒரு நிமிஷம் தன் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“ஏனுங்க, தப்பா நெனைக்கக்கூடாதுங்க. எனக்கு மறதி வந்துபோச்சுங்க. டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுட்டு இருக்கறேன். உங்களை ஆருன்னு எனக்குத் தெரியலீங்க. இன்னாருன்னு சொல்லிப்போட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க.”

அந்த மனிதர் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சுருங்கியது. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன்.

“நானும் உங்களை ஆருன்னு தெரியாமத்தாங்க இந்நேரம் பேசிட்டிருக்கறேன்” என்றார் அவர். “நீங்க வந்து கையைப் புடிச்சீங்க. சரி, தெரிஞ்சவராட்ட இருக்குது, எப்புடிக் கேக்கறதுன்னு…”

முதலில் சிரித்தது நான்தான். மண்டபம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு அவர்கள் இருவரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முறையாக ஊர், பேர் சொல்லிக்கொண்டார்கள். அவர் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், பல்லடத்தில் கோழிப்பண்ணை. இதற்குமுன் இருவரும் பார்த்துக்கொண்டதே கிடையாது. சேர்ந்து போய் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டதும் இவர் தைரியம் கூடிப்போய் மண்டபத்தைச் சுற்ற ஆரம்பித்தார். நான் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக நிறுத்தி அதையே சொல்கிறார். மறதி வந்துபோச்சுங்க, சொல்லிப்போடுங்க. ஒரு கிழவர் இவர் கன்னத்தைத் தட்டினார். பங்காளி ஒருவர் கட்டிக்கொண்டார். இரண்டு பேர் தங்களுக்கும் அப்படித்தான் என்று ஆரம்பித்து, நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். யார் முகத்திலும் அடி விழவில்லை.

கிளம்பும்போது வாசலில் அந்தப் பல்லடத்துக்காரர் எதிரில் வந்தார். என் வீட்டுக்காரர் கையைக் கூப்பி, “வாங்க வாங்க, சௌக்கியங்களா?” என்றார். அந்த மனிதர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. “நாந்தாங்க, பல்லடத்துக்காரன். கோழிப்பண்ணை. இப்பத்தான் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டமுங்க” என்று, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

“அப்புடீங்களா? மறந்துபோட்டேனுங்க” என்றார் இவர். அவர் குரலில் பயம் இல்லை, கூச்சமும் இல்லை. “நல்லவேளை சொன்னீங்க. ஏனுங்க, உங்க பக்கம் மழை உண்டுங்களா?”

“பரவாயில்லீங்க, போன வாரம் நல்ல மழைங்க” என்று அந்த மனிதர், ஏற்கெனவே ஒருமுறை சொல்லி முடித்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். இருவரும் பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்கள். தாம்பூலப் பைகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். அவசரப்பட்டு அவர்களை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.